ஆறு பேர் ஸஹனும் ஜவுபரின் றப்பர் புளொக்கும்

கல்முனைக் கரையில் முதன்முதலாகக் கேலிப்படம் வரைந்து அதை அச்சிலும் ஏற்றியவன் சாய்ந்தமருது ஜவுபர். இதில் வாதத்துக்கே இடமில்லை. அட்டாளைச்சேனையில் ஒருவர் இருந்தாராம், அவர் அதற்கு முதலே வரைந்தாராம் என்று இப்போது சிலர் கதை அளக்கிறார்கள். வரைந்திருந்தால் கொண்டுவந்து காட்டட்டும். நான் அப்துல் ஸமட். கல்முனையில் சரீப் காக்காவின் அச்சகத்தில் பதினாறு வருடம் எழுத்துக் கோத்தவன். ஜவுபரின் படங்களில் முக்கால்வாசி என் கையால்தான் மெசினில் ஏறின. அவன் வாழ்க்கையையே ஒரு ஆட்டு ஆட்டிவிட்ட அந்தப் பெரிய பிழையிலும் எனக்குச் சரிபாதிப் பங்கு உண்டு. பிழை விட்டவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

ஜவுபரின் வாப்பா கச்சிமுகம்மது கரைவலை இழுக்கிறவர். இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, இவன் ஈர மணலில் ஒரு ஈர்க்கால் அவர்களை வரைந்துகொண்டிருப்பான். முகம் வரையமாட்டான். முதுகும் சாரன் கட்டும் நிற்கிற நிலையும் மட்டும்தான். ஆனாலும் ஆளை ஆள் கண்டுபிடித்துவிடுவார்கள். "டேய், இது நீதான்டா, சாரனப் பாரு" என்று ஒருவன் தொடங்கினால் கயிறே கைவிட்டுப் போகும் அளவுக்குச் சிரிப்பு வரும். மீன் விழாத நாளிலும் சிரித்துக்கொண்டு வீடு போனார்கள். அடுத்த அலை வந்து படத்தை அழித்துவிடும். "போனாப் போகட்டும், ஆள் இரிக்கான்தானே, மறுகா வரையலாம்" என்பான் ஜவுபர்.

அவனுடைய உம்மா ஆசியா உம்மாவுக்கு மட்டும் பயம். உயிர் உள்ளதை வரைவது சரியில்லை என்பது அவருடைய கவலை.

"உசிர் உள்ளத வரைஞ்சா மறுமையில அதுக்கு உசிர் குடு எண்டு கேப்பாங்க மகன். என்னத்தக் குடுப்பாய்?"

"நான் வரையிறதப் பாத்தா அப்பிடிக் கேக்கமாட்டாங்க உம்மா. இதெல்லாம் மனிசனாடா எண்டுதான் கேப்பாங்க."

உம்மா கோபமாகத்தான் இருப்பார். ஆனால் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரிப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பதினெட்டு வயதில் தோணிக்குப் பெயர் எழுதினான், கடைக்குப் போர்டு எழுதினான். எழுத்து என்னவோ சுமார்தான், உள்ளதைச் சொல்லவேண்டும். 'ற' என்ற எழுத்து அவனுக்குக் கடைசிவரை நேராக நிற்கவில்லை. ஆனால் போர்டின் மூலையில் ஒரு சின்ன ஆளை வரைந்துவிடுவான் பாருங்கள், அது கடை முதலாளியை உரித்துவைத்ததுபோல் இருக்கும். முதலாளி அதை அழிக்கச் சொல்வார். அடுத்த நாள் அதைப் பார்க்கவே ஆட்கள் கடைக்கு வருவார்கள். அழிக்கச் சொன்ன முதலாளி மனம் மாறி, "கிடக்கட்டும் விடு" என்பார்.

எழுபத்தெட்டாம் ஆண்டு நவம்பரில் சூறாவளி வந்தது. அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் கை ஓடாது. தென்னை ஒன்று மிச்சமில்லை. ஜவுபரின் வீட்டில் மூன்று சுவரும் போய் ஒரு சுவர்தான் நின்றது. ஒரு கிழமை கழிந்து நிவாரணம் வரத் தொடங்கியது. தகரம், மா, போர்வை எல்லாம் வந்தன. வரிசையில் நின்றவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, நிற்காதவர்கள் வீட்டுக் கூரையெல்லாம் புதுத் தகரமாக மின்னியது. ஜவுபர் எரிந்த விறகுக் கரியை எடுத்து அந்த ஒற்றைச் சுவரில் வரைந்தான். நீளமான ஒரு வரிசை, எல்லோரும் எலும்புக்கூடு. வரிசைக்கு முன்னால் ஒரு தொப்பை. தொப்பைக்கு மேல் முகம் இல்லை, தகரம்தான் அடுக்கியிருந்தது.

ஊரே அந்தச் சுவரைப் பார்க்க வந்தது. வீடு போனவர்கள், மாடு போனவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள்கூட வந்தார்கள். முதலில் ஒருவர் மூக்கால் சிரித்தார், பிறகு பக்கத்தில் நின்றவர், பிறகு எல்லோரும். சூறாவளிக்குப் பிறகு சாய்ந்தமருது சிரித்தது அந்தச் சுவருக்கு முன்னால்தான். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். அன்றைக்கே ஓடிப்போய் சரீப் காக்காவிடம் சொன்னேன்: "காக்கா, ஒரு ஆள் இரிக்கான். அவன விட்டா நாம பேயன்கள்."

சரீப் காக்கா அப்போது 'உப்புக்காற்று' என்று ஒரு மாதப் பத்திரிகை நடத்தத் துடித்துக்கொண்டிருந்தார். எட்டுப் பக்கம். ஜவுபர் வந்து சேர்ந்தான். ஆனால் படம் அச்சடிக்க வேண்டுமானால் புளொக் வேண்டும், படத்தைச் செதுக்கிய அச்சுக்கட்டை. புளொக் செய்வது கொழும்பில். அனுப்பி எடுக்க மூன்று கிழமை பிடிக்கும். அதற்குள் நம்முடைய பகிடி ஆறிப்போய்விடும்.

அங்கேதான் இவன் மூளை வேலை செய்தது. பஸ் நிலையத்தடியில் செருப்புத் தைப்பவரிடம் போய், அடிக்கு ஒட்டுகிற தடித்த றப்பரில் ஒரு துண்டு வாங்கி வந்தான். அதைப் பலகைத் துண்டில் ஒட்டி, சவர பிளேட்டால் செதுக்கினான். அச்செழுத்தின் உயரத்துக்கு அந்தப் பலகையைச் சீவித் தேய்த்துக் கொடுத்தவன் நான். மை பூசி மெசினில் ஏற்றி முதல் தாளை இழுத்தோம். கோடு அப்படியே விழுந்திருந்தது, பளிச்சென்று. நானும் அவனும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். "மெசின் உடையப்போகுது, வெளியில போய்க் குதியுங்கடா" என்று சரீப் காக்கா விரட்டினார். விரட்டியவரும் எங்கள் பின்னாலேயே வந்து தெருவில் நின்று, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுத் தாளைக் காட்டினார்.

இங்கே ஒரு விசயத்தைச் சொல்லிவிட வேண்டும். அச்சில் எல்லாமே இடம் வலம் மாறித்தான் விழும். எழுத்தை நாங்கள் மாற்றித்தான் கோப்போம், மாற்றித்தான் வாசிப்போம். படத்தையும் மாற்றித்தான் செதுக்க வேண்டும். அதற்கு ஜவுபர் எண்ணெய்க் கடதாசியில் வரைந்து, அதைக் குப்புறப் போட்டுத் தேய்த்து றப்பரில் இறக்குவான். அப்போது தாளில் சரியாக வரும்.

மூன்று வருடம் அப்படியே சரியாக வந்தது. கல்முனை பஸ்ஸில் ஏற முடியாத ஆட்கள் பஸ்ஸையே தலையில் தூக்கிக்கொண்டு நடக்கிற படம் ஒன்று. தராசின் ஒரு தட்டில் மீனும் மறு தட்டில் மீன்காரரின் பெருவிரலும் இருக்கிற படம் ஒன்று. படத்தில் வந்தவர் சண்டை பிடிக்க வருவார், போகும்போது நாலு பிரதி வாங்கிக்கொண்டு போவார். அந்த நாட்களில் நான் தெருவில் நடந்தால், "ஸமட், இந்த மாசம் ஆரு?" என்று கேட்காத கடை இல்லை. எனக்கே ஒரு தலைக்கனம் வந்துவிட்டது.

மருதமுனைக் கைத்தறிக்காரர்களும் ஜவுபரைத் தேடி வந்தார்கள். சாரி முந்தானைக்குக் கட்டம் போட்டு டிசைன் வரைந்து கொடுப்பான். அப்படி வந்தவர்களில் ஒருவர் சீனிமுகம்மது. நாலு தறி வைத்திருந்தார். அதிகம் பேசமாட்டார், ஆனால் சொன்ன சொல் மாறமாட்டார். அவருடைய மகள் சுபைறா தறியில் இருப்பவள். மாதாமாதம் 'உப்புக்காற்று' படத்தை வெட்டித் தறிக்காலில் ஒட்டி வைத்திருந்தாளாம். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள், வீடும் அவர்கள்தான் கட்டிக் கொடுப்பார்கள். சீனிமுகம்மது ஆள் அனுப்பிக் கேட்டார். பேச்சு முடிந்தது. சுபைறாவுக்கு இரண்டு அறையில் வீடு எழும்பத் தொடங்கியது. ஜவுபர் அந்த நாட்களில் தரையில் நடக்கவில்லை. அச்சகத்துக்கு வந்தால் வீட்டுச் சுவர் எத்தனை கல் உயர்ந்திருக்கிறது என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் பிளேட்டைக் கையில் எடுப்பான்.

இனி அந்தப் பிழைக்கு வருகிறேன்.

எண்பத்திரண்டாம் ஆண்டு. சூறாவளியில் வீடிழந்தவர்களுக்குக் கட்டிய வீடுகளில் கடைசித் தொகுதியைப் பங்கிட்டார்கள். யாருக்கு என்ற பட்டியலை எங்கள் ஊரில் எழுதியவர் அச்சிமுகம்மது மரைக்கார். மரைக்கார் என்றால் பள்ளிவாசலில் ஒரு குடிக்குப் பொறுப்பானவர். தாய் வழியில் வருகிற குடி ஒவ்வொன்றுக்கும் ஒருவர் இருப்பார். கல்யாணமோ மவுத்தோ அவர் இல்லாமல் நடக்காது. அச்சிமுகம்மது ஜவுபரின் குடிக்கு மரைக்கார். பட்டியல் வெளியே வந்தபோது அவருடைய மூன்று மகள்மாருக்கும் வீடு, மச்சினனுக்கும் வீடு. நாலு வருடமாகக் கிடுகுக் குடிசையில் கிடந்தவர்களின் பெயரைக் காணவில்லை.

ஜவுபர் கொதித்துப்போனான். எங்கள் விருந்துகளில் பெரிய தட்டில் சோறு வைத்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுவது வழக்கம். அந்தத் தட்டுத்தான் ஸஹன். ஜவுபர் ஒரு ஸஹனை வரைந்தான். அதில் சோறு இல்லை, சின்னச் சின்ன வீடுகள் குவிந்திருந்தன. சுற்றிவர ஆறு பேர். ஐந்து பேர் மெலிந்து வாயைப் பிளந்துகொண்டிருக்க, ஆறாவது ஆள், தாடியும் தொப்பியும் தொப்பையுமாக, கன்னத்தில் ஒரு மச்சத்தோடு, வீடுகளை அள்ளி அள்ளி வாயில் போடுகிறார். மரைக்காரின் வலக் கன்னத்தில் அந்த மச்சம் இருப்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கீழே 'ஆறு பேருக்கு ஒரு ஸஹன்' என்று போடச் சொன்னான்.

வெள்ளிக்கிழமைக்கு முன் பத்திரிகை வெளிவர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். எண்ணெய்க் கடதாசி தீர்ந்துபோயிருந்தது. "வேணாம், நேரா றப்பரிலேயே வரையிறன்" என்றான். வரைந்தான், செதுக்கினான். புளொக்கைக் கையில் வைத்து இருவரும் பார்த்தோம். ஆள் வலக்கையால் வீட்டை அள்ளுகிறார், மச்சம் வலக் கன்னத்தில் இருக்கிறது. ஆகா என்றேன். புளொக்கில் சரியாக இருந்தால் தாளில் மாறிப்போகும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. எழுத்தை மாற்றி மாற்றிப் பார்த்துப் பழகின கண் படத்தில் கோட்டை விட்டது. முதல் தாளை எடுத்துப் பிழை திருத்தியவனும் நான்தான். 'ஸஹன்' என்பதில் ஒரு புள்ளி விழவில்லை என்று கண்டுபிடித்துப் பெருமையோடு திருத்தினேன். படத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

பத்திரிகை பறந்தது. தெருவெல்லாம் சிரிப்பு. மரைக்காருக்கு வேர்க்கும் என்று நாங்கள் காத்திருந்தோம். மரைக்கார் என்னடா என்றால் தேநீர்க் கடையில் இருந்துகொண்டு படத்தைக் காட்டிச் சிரிக்கிறாராம். எங்களுக்கு விளங்கவில்லை.

மூன்றாம் நாள் சுபைறாவின் வீட்டைக் கட்டுகிற மேசன் அச்சகத்துக்கு வந்தார்.

"தம்பி ஜவுபர், சுவர் கட்டுறத நிப்பாட்டச் செல்லிட்டார் ஒன்ட மாமனார்."

"ஏன்?"

"ஏனெண்டு எனக்கிட்டக் கேக்கிறாய். அந்த மனிசன இப்பிடிப் போட்டிட்டு ஏனெண்டு கேக்கிறாய்." மேசன் மடித்து வைத்திருந்த பத்திரிகையை விரித்தார். "மருதமுனையில இடக்கையால சோறு தின்றவர் வேற ஆரு இரிக்கார்?"

அப்போதுதான் பார்த்தேன். தாளில் அந்த ஆள் இடக்கையால் அள்ளிக்கொண்டிருந்தார். மச்சமும் இடக் கன்னத்துக்குப் போயிருந்தது.

மேசன்தான் விவரம் சொன்னார். சூறாவளி இரவில் தறிக்கொட்டில் விழுந்து, ஒரு மரச்சட்டம் சீனிமுகம்மதுவின் வலக்கையை நசுக்கிவிட்டது. விரல் மடங்காது. காயம் பட்டது எங்களுக்கும் தெரியும். ஆனால் அவர் அன்றிலிருந்து இடக்கையால் சாப்பிடுகிறார் என்பது அக்கம்பக்கத்தாருக்கு மட்டும்தான் தெரியும். சோற்றில் இடக்கை வைப்பது எங்களுக்குள் எவ்வளவு பெரிய வெட்கம். அதனால் நாலு வருடமாக அவர் எந்த விருந்திலும் உட்காரவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் ஸலாம் சொல்லிவிட்டு, "வயித்துக்குச் சரியில்ல" என்று பசியோடு திரும்பிவிடுவார். ஜவுபருக்கு முன்னால்கூட ஒருநாளும் வாயில் எதையும் வைத்ததில்லை. நிவாரணத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு தறிக்கொட்டில். படத்தைக் கண்டதும் அக்கம்பக்கத்தார் வாயைத் திறந்துவிட்டார்கள். இப்போது ஊர் என்ன சொல்கிறது? நிவாரணத்தை விழுங்கியவர் இவர்தான், மருமகனாக வரப்போகிறவனே போட்டுக் கொடுத்துவிட்டான் என்கிறது. 'அந்த மனுசன் மெலிந்தவர், மச்சமும் இல்லாதவர் அல்லவா' என்று யாரோ கேட்டதற்கு, 'கேலிப்படமென்றால் அப்படித்தான் கூட்டியும் பெருப்பித்தும் போடுவார்கள்' என்று விளக்கம் வேறு.

ஜவுபர் சைக்கிளை எடுத்தான். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

மருதமுனையில் நாலு தறியும் ஓய்ந்து கிடந்தன. சீனிமுகம்மது கொட்டில் வாசலில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார், இடக்கையால். எங்களைக் கண்டதும் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். அதைக் கண்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது.

ஜவுபர் எல்லாவற்றையும் சொன்னான். எண்ணெய்க் கடதாசி, றப்பர், மாறிப்போன கை. நான் இடையில் புகுந்து, "மாமா, பாதிப் பிழை என்ட. நான்தான் பாக்காம உட்ட" என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ செல்றத நான் நம்புறன்," என்றார் கடைசியில். "நீ என்னப் போடமாட்டாய். எனக்கு அது தெரியும். போய்ட்டு வாங்க."

நான் பெருமூச்சு விட்டேன். நம்பிவிட்டார், போதும் என்று நினைத்தேன். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சுபைறா. நான் அவளை அன்றுவரை பார்த்ததுமில்லை, பேசிக் கேட்டதுமில்லை.

"வாப்பாக்கு மட்டும் செல்லிப்போட்டுப் போறதெண்டா இஞ்ச வந்திரிக்கத் தேவல்ல. வாப்பாட பேர ஊருக்கு முன்னால கெடுத்தது. அங்க போய்ச் செல்லுங்க. இல்லாட்டி இந்தக் கலியாணம் எனக்கு வேணாம்."

சீனிமுகம்மது மகளை அதட்டவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் வழியில் நான் ஜவுபருக்குப் புத்தி சொன்னேன். புத்தியா அது? ஆனாலும் சொன்னேன். கல்யாணத்துக்குப் பள்ளிவாசல் கடிதம் வேண்டும். அதில் கையெழுத்து வைக்க வேண்டியவர் அச்சிமுகம்மது மரைக்கார். படத்தைத் திருத்திப் போட்டால் அது தான்தான் என்று அவர் விளங்கிக்கொள்வார், கையெழுத்து வைக்கமாட்டார். திருத்தாமல் விட்டால் சுபைறா வரமாட்டாள். "கொஞ்சம் பொறு மச்சான். கடிதத்த முதல்ல எடுப்பம். கலியாணம் முடியட்டும், மறுகா திருத்துவம்."

ஜவுபர் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். "ஸமட், அந்த மனிசன் கைய ஒளிச்சத நீ பாத்தாயா இல்லையா?"

பார்த்தேன்தானே.

அடுத்த இதழுக்கு அவன் மூன்று நாள் அச்சகத்தை விட்டு அசையவில்லை. எண்ணெய்க் கடதாசி வாங்கி, அதே படத்தை வரைந்து, குப்புறப் போட்டுத் தேய்த்துச் செதுக்கினான். இந்த முறை நான் தாளை வெளிச்சத்தில் பிடித்து, என் வலக்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சரீப் காக்காவைக் கூப்பிட்டு அவருடைய வலக்கையையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மெசினை மிதித்தேன். முன்பக்கத்தில், முழு அகலத்தில் போட்டோம். கீழே நான் கோத்தது இது: 'சென்ற இதழில் கை மாறி விழுந்துவிட்டது. உண்மையான கை இதுதான். பிழை எங்களுடையது. ஜவுபர், அப்துல் ஸமட்.' சரீப் காக்கா தாடியைச் சொறிந்தார். பிறகு, "என்ட பேரையும் போடு, நான் என்ன மவுத்தாப் போய்ட்டனா" என்றார்.

அந்த இதழ் கல்முனையில் ஒரு பகலில் தீர்ந்தது. மறுபடி அடித்தோம், அதுவும் தீர்ந்தது. வலக்கை, வலக் கன்னத்தில் மச்சம். ஊருக்கு இனி யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. தேநீர்க் கடையில் அச்சிமுகம்மது மரைக்கார் பத்திரிகையைக் கையில் வாங்கியவர், அரைக் கோப்பைத் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனாராம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் விறாந்தையில் சபை கூடியது. ஜவுபர் கடிதத்துக்கு விண்ணப்பம் கொடுத்திருந்தான். மரைக்காமார் ஏழு பேரும் இருந்தார்கள். தலைவர் முகம்மது தம்பி ஹாஜியார், வயதானவர், மெல்லிய குரல். வெளியே நூறு பேராவது நின்றோம். தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டு நான் நின்றேன்.

"இவனுக்குக் கடிதம் குடுக்க ஏலா," என்றார் அச்சிமுகம்மது.

"ஏன் ஏலா?" என்று ஹாஜியார் கேட்டார்.

"மரைக்காரக் கேலி பண்ணினவன் இவன்."

"எந்த மரைக்கார?"

"என்னத்தான். ஊரே சிரிக்கிது, ஒங்களுக்குத் தெரியாதா?"

ஹாஜியார் பத்திரிகையை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். "இதுல ஒங்கட பேரக் காணல்லியே."

"பேர் என்னத்துக்கு? மூஞ்சி தெரியிதில்லியா? இந்தா பாருங்க, மச்சம்."

"ஓம், மச்சம் தெரியிது." ஹாஜியார் விரலை மெதுவாகக் கீழே இறக்கினார். "அப்ப அஞ்சு பேர்ட வீட்டையும் அள்ளித் தின்ற இந்தக் கையும் ஒங்கடதானா?"

அச்சிமுகம்மது வாயைத் திறந்தார், மூடினார். ஓம் என்றால் வீட்டைத் தின்றவர் அவர். இல்லை என்றால் படத்தில் இருப்பவர் வேறு ஆள். மற்ற மரைக்காமார் ஆறு பேரும் அவருடைய கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ட இல்ல," என்றார் கடைசியில்.

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப ஒங்கள ஆரும் கேலி பண்ணல்ல. கடிதத்துல கையெழுத்து வையிங்க."

வைத்தார். அவர் பேனையை மூடுமுன்பே வெளியே நின்ற கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது. பள்ளிவாசலுக்குள் சிரிக்கக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினோம், ஓடிப்போய் அங்கே நின்று சிரித்தோம். ஜவுபர் மட்டும் சிரிக்கவில்லை. கடிதத்தை நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டு, "மருதமுனைக்குப் போவம் வா" என்றான். நாங்கள் போய்ச் சேரும்போது மேசன் சுவரில் நின்றார். மூன்று வரி கல் புதிதாக ஏறியிருந்தது. பத்திரிகை எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டது.

நோன்புப் பெருநாள் கழிந்து கல்யாணம். ஜவுபர் அதற்குப் பிறகு எத்தனையோ வரைந்தான். எண்பத்தைந்தில் நாடு கெட்டு, கடைகள் பூட்டிக் கிடந்து, பத்திரிகையும் நின்றுபோனது. அப்போதும் பிள்ளைகளின் கதைப் புத்தகங்களுக்குப் படம் போட்டான். ஆனையும் நண்டும் நரியும் வரைந்தான். அந்த நரியின் முகத்தைப் பார்த்துப் பெரியவர்கள் சிரித்தார்கள். அவனுடைய ஆகச் சிறந்த படம் எது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் சொல்வதென்றால் அந்தக் கல்யாண வீட்டைத்தான் சொல்வேன், அதை அவன் வரையவில்லை என்றாலும்.

முதல் ஸஹனில் மாப்பிள்ளை, இரு வீட்டு வாப்பாமார், மாப்பிள்ளையின் குடி மரைக்கார் எல்லோரும் இருக்க வேண்டும். அது வழக்கம், யாரும் மாற்ற முடியாது. புதுச் சுவருக்குள் பாய் விரித்து ஸஹன் வைத்தார்கள். ஜவுபர், கச்சிமுகம்மது, அச்சிமுகம்மது மரைக்கார், சரீப் காக்கா, நான். ஐந்து பேர். ஆறாவது இடம் வெறுமையாக இருந்தது. சீனிமுகம்மது வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். யாரோ கூப்பிட்டார்கள். அவர் வழக்கம்போல் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு ஏதோ சொல்லப்போனார். ஜவுபர் ஸஹனைத் தொடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் வந்தார். இருந்தார்.

பிஸ்மி சொன்னோம். ஆனால் ஒருவரும் கை வைக்கவில்லை, ஏனென்றால் வழக்கப்படி முதலில் கை வைக்க வேண்டியவர் மரைக்கார். சுற்றி நின்ற முந்நூறு பேரும் மரைக்காரின் வலக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எங்கே அள்ளுவார், எவ்வளவு அள்ளுவார் என்று. மனிதரின் கை மடியைவிட்டு எழும்பவில்லை. நெற்றியில் வேர்வை ஓடியது. எனக்கு உள்ளுக்குள் நல்லாய் வேணும், நல்லாய் வேணும் என்று ஒரே கும்மாளம்.

சீனிமுகம்மது மடிக்குள்ளிருந்து இடக்கையை வெளியே எடுத்தார். ஸஹனின் விளிம்பைப் பிடித்து, இறைச்சி இருந்த பக்கம் மரைக்காருக்கு முன்னால் வரும்படி மெதுவாகத் திருப்பினார்.

"சாப்பிடுங்க மரைக்கார்," என்றார். "ஊர் பாக்குதெண்டு வெக்கப்பட்டுக்கிட்டு இரிக்காதீங்க. நான் நாலு வருசம் அப்பிடி இரிந்து பாத்திட்டன். பசிதான் மிச்சம்."

பிறகு தன் பக்கத்துச் சோற்றில் இடக்கையை வைத்துப் பிசைந்து, எல்லோரும் பார்க்கச் சாப்பிடத் தொடங்கினார்.